மட்டம்

ஏழாவது ஃப்ரெட்டில் விரல் வைத்தால்
என் கித்தார் இருமுகிறது.
மற்ற பத்தொன்பதும் ஒழுங்கு.
ஒருவன் தலை தூக்கி நின்றால்
வரிசை முழுக்கக் கெட்ட பெயர்.

பையில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
எண்ணூறு என்னுடையது.
ஆயிரம், கிறிஸ்துமஸுக்குள்
கெர்ட்ரூடுக்குத் திருப்ப வேண்டியது.
ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசியிலும்
அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.
கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கேட்டார்,
சிரிக்காமல்.

ஃப்ரெட்டுக்கென்றே பிறந்த அரம்
நாலாயிரத்துச் சொச்சம்.
அதைப் படத்தில் பார்த்ததோடு சரி.

செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுப் பட்டறைச் சாமான் கடை.
"என்ன டிசைனுக்கும்மா?"
முக்கோண அரம் வேண்டும் என்றேன்.
தோளில் தொங்கியதைப் பார்த்துவிட்டு
அவர் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.
நூற்றிருபதுக்கு ஒன்று, நானூற்று எழுபதுக்கு ஒன்று.
கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்தேன்.
மலிவானது பிறாண்டியது.
மற்றது சத்தமில்லாமல் நகத்தைக் கொஞ்சம்
எடுத்துக்கொண்டே போய்விட்டது.
மட்டமான அரத்தால்
மட்டம் பண்ண முடியாது.

"விளிம்பு மூன்றையும் உரசி
மழுக்கித் தருவீங்களா?"
கூர் பார்த்து வாங்கிக்
கூரை எடுக்கச் சொல்கிறவளை
அவர் அன்றுதான் பார்த்திருப்பார்.
மரத்தைக் கீறிவிடும் அண்ணா என்றேன்.
எந்த மரம் என்று கேட்டார்.

லீ பஜாரில் ஸ்டீல் ஸ்கேல்.
"சேலத்து இரும்பு, வளையவே வளையாது."
இரண்டை விளிம்போடு விளிம்பு சேர்த்து
வெயிலுக்கு எதிரே பிடித்தேன்.
நடுவே மயிரிழை அளவுக்கு வானம்.
எது பொய் சொல்கிறது என்று கேட்க
மூன்றாவதை எடுக்கச் சொன்னேன்.
கடைப்பையன் ஏணியில் ஏறினான், முணுமுணுத்தபடி.

சமையல் மேடை வெட்டியதில் மிஞ்சிய
ஒரு முழக் கிரானைட் சும்மா கிடைத்தது.
அதன் அடியில் உப்புத்தாள் ஒட்டினால்
அதுதான் என் இழைப்புளி.
ஆட்டம் பார்க்கக் காலாவதியான ஏடிஎம் கார்டு.
மூன்று ஃப்ரெட்டின் மேல் நிறுத்தி அசைத்தால்
நடுவில் இருப்பவன் உயரமா என்று சொல்லிவிடும்.
கணக்கில் பணம் இருந்த காலத்தில்கூட
இவ்வளவு உண்மை சொன்னதில்லை.

சூரமங்கலத்தில் கெர்ட்ரூட் வீட்டில் மூன்று நாள்.
மின்விசிறி சுடுகாற்றைச் சுற்றிச் சுற்றி அனுப்பியது.
மூன்றாம் நாள் மதியம் சும்மா மீட்டினேன்.
ஏழாவது ஃப்ரெட்
இருமவில்லை.
கெர்ட்ரூட் துணி மடித்துக்கொண்டே
"அப்ப எதுக்கு அரம்?" என்றாள்.

என் வீட்டில் மேகம் ஜன்னல் வழியாக வந்து
கட்டில் வரைக்கும் போகும்.
மரம் ஈரத்தைக் குடித்துக் குடித்து
முதுகைப் பின்னால் வளைத்திருக்கிறது.
அதை நான் ஒரு ஃப்ரெட்டின் திமிர் என்று நினைத்தேன்.

முதலில் வாங்க வேண்டியதைக்
கடைசியில் வாங்கினேன்.
ஆலன் சாவி, இருபத்தைந்து ரூபாய்.
பில் கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார்.

மலையேறிய நான்காம் நாள் இருமல் திரும்பியது.
சாவியைச் செருகிக் கால் சுற்று தளர்த்தினேன்.
ராத்திரி முழுக்கத் தொடவில்லை.
காலையில் ஸ்கேலை வைத்தேன், கழுத்து நேர்.
கார்டை வைத்தேன்.
ஆறு, ஏழு, எட்டு.
டக், டக்.

இன்னும் ஆடுகிறது.
அப்பாடா என்றிருந்தது.
நானூற்று எழுபது வீணாகவில்லை.
இதற்குச் சந்தோஷப்படுவது
அவ்வளவு நியாயமில்லை என்றும் தெரிகிறது.

ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தை டேப்பால் மூடி
தலைகளுக்கெல்லாம் கறுப்பு மை பூசுகிறேன்.
கிரானைட்டை மேலே வைத்துவிட்டேன்.
அழுத்தக் கூடாது, அதன் எடையே போதும்.
கை மட்டும் நகர மாட்டேன் என்கிறது.
எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன்.
இருட்டாகிவிட்டது.
மறுபடி திறக்கிறேன்.